பசி குறைக்கும் மருந்து: டாக்டர் சீட்டு முதல் நிறுத்தும் நாள் வரை, செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

உடல் பருமனுக்காக டாக்டர் எழுதிக் கொடுக்கும் பசி குறைக்கும் மருந்தை எப்படித் தொடங்குவது, எப்படி அளவை ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதற்கான வரிசை இது. டாக்டருக்கு மாற்று இல்லை. அவர் அறையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் கேட்க மறந்துபோகும் விஷயங்கள்தான் இதில் அதிகம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மருந்து பசியை மட்டும் அடக்குவதில்லை. உடம்பு கொடுக்கும் மற்றச் சைகைகளையும் மங்கவைக்கிறது. தாகம் குறைகிறது, ‘சாப்பிட்டு நேரமாச்சே’ என்ற நினைப்பு போய்விடுகிறது. ஆனால் சுகர் மாத்திரை மட்டும் பழைய வேகத்திலேயே வேலை செய்கிறது. வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

1. முதலில் அளந்து பாருங்கள்

எடையைக் கிலோவில் எழுதி, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 158 செ.மீ. உயரம், 74 கிலோ என்றால் 29.6. இந்தியர்களுக்கு 25-க்கு மேல் போனாலே பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

மருந்துக்கான எல்லை வேறு. பெட்டிக்குள் வரும் தாளில் 30, அல்லது சுகர், பிரஷர் போன்ற துணை நோய் இருந்தால் 27 என்று இருக்கும். நம் உடல்வாகுக்கு இந்திய மருத்துவ வழிகாட்டுதல்கள் அதை 27, துணை நோயோடு 25 என்று இறக்கியிருக்கின்றன. 24-இல் இருப்பவர் மகள் கல்யாணத்துக்குள் நாலு கிலோ இறக்க வேண்டும் என்று கேட்டால், அது இந்த மருந்துக்கான காரணம் இல்லை.

2. உங்கள் கையில் இருப்பது எந்த வகை

‘எடை குறைக்கும் ஊசி’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. வகைக்கு வகை எச்சரிக்கை மாறும்.

வாரம் ஒரு முறை ஊசி: செமாக்ளூடைட் (வெகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்தது), டிர்செபடைட் (மவுன்ஜாரோ, 2025 மார்ச்). லிராக்ளூடைட் தினசரி ஊசி. மூன்றும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்பவை.

ரைபெல்சஸ் மாத்திரையும் செமாக்ளூடைட்தான், சுகருக்காக அனுமதி பெற்றது. வெறும் வயிற்றில், அரை டம்ளர் (அதிகபட்சம் 120 மி.லி.) பச்சைத் தண்ணீரில் முழுதாக விழுங்கி, 30 நிமிடம் வேறு எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். எழுந்ததும் ஃபில்டர் காபி, கையோடு தைராய்டு மாத்திரை, அதோடு இதுவும் என்றால் மருந்து உடம்பில் ஏறாது. காசு மட்டும் போகும்.

பென்டர்மின் என்பது நரம்பைத் தூண்டிப் பசியைக் கொல்லும் பழைய வகை. சிங்கப்பூர், மலேசியாவில் டியூரோமைன் என்ற பெயரில் டாக்டர் சீட்டுக்குக் கிடைப்பதால் அங்கிருந்து வரும் உறவினர் பெட்டியில் இருந்து இங்குள்ளவர் கைக்கு மாறுகிறது. வாங்காதீர்கள். இதய நோய், கட்டுக்கடங்காத பிரஷர், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. தகுதியானவர்களுக்கே குறுகிய காலத்துக்கு, காலையில் மட்டும், பிரஷரும் நாடியும் பார்த்துக்கொண்டே தருவது. மாலையில் போட்டால் இரவு தூக்கம் இல்லை.

நால்ட்ரெக்ஸோன்-புப்ரோபியான் சேர்க்கை வலிப்பு வந்தவர்களுக்கும், டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்களுக்கும் கூடாது. எண்ணெய் மிதக்கும் சாப்பாட்டோடு விழுங்கினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி வலிப்பு அபாயம் கூடும்.

ஆர்லிஸ்டாட்டைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது பசியைத் தொடுவதே இல்லை, சாப்பிட்ட கொழுப்பைச் செரிக்க விடாமல் வெளியே தள்ளும். நம்மூர்க் கோழி வறுவலோடு சேர்ந்தால் மலத்தில் எண்ணெய் கசியும், துணி நனையும்.

மூலிகைப் பொடி, ‘ஸ்லிம்மிங் டீ’ வகையறா: சிபுட்ரமின் என்ற மருந்து இதயத்துக்குக் கேடு என்று 2010-இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டு, 2011-இல் இந்தியாவில் தடையானது. இன்றும் ‘இயற்கை’ என்று விற்கும் பொடிகளில் அது கலந்து பிடிபடுகிறது. ஒரு வாரத்தில் பசி அற்றுப்போய் நெஞ்சு படபடக்கிறது என்றால் அது மூலிகையின் வேலையாக இருக்காது.

3. டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

வீட்டில் நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொன்னால் தப்பாகிறது, அட்டை தப்பாகாது. எடையை ஏற்றும் மருந்தே (ஸ்டீராய்டு, வால்ப்ரோயேட், ஓலான்ஜபின், பயோகிளிட்டசோன், அமிட்ரிப்டிலின்) அதில் இருக்கலாம். அதை மாற்றினாலே பாதி வேலை முடியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள்.

பரிசோதனைகள்: வெறும் வயிற்றுச் சுகர், மூன்று மாதச் சராசரிச் சுகர், கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு, கொழுப்பு, பிரஷர். சுகர் நாள்பட்டதாக இருந்தால் கண் விழித்திரைப் பரிசோதனையும். செமாக்ளூடைட் எடுத்துச் சுகர் சட்டென்று இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை மோசமாகலாம்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை இவை:

குடும்பத்தில் யாருக்காவது ‘மெடுல்லரி’ வகைத் தைராய்டு புற்றுநோய் வந்ததுண்டா. இருந்தால் செமாக்ளூடைட் வகை ஊசிகள் கிடையாது. கணையம் வீங்கிப் படுத்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா, இரைப்பை இயக்கம் மந்தமா. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறீர்களா. சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் உண்டா.

பிள்ளைக்குத் திட்டமிடும் பெண்கள்: கருத்தரிக்க முயல்வதற்கு 2 மாதம் முன்பே செமாக்ளூடைட்டை நிறுத்த வேண்டும், டிர்செபடைட் என்றால் 1 மாதம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் டிர்செபடைட் தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை அளவை ஏற்றும்போதும் 4 வாரத்துக்கு ஆணுறை போன்ற கூடுதல் பாதுகாப்பு வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மாத்திரை உடம்பில் சேர்வது குறையும். இந்தப் பேச்சை மாமியார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கக் கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. முதல் ஊசிக்கு முன் சுகர், பிரஷர் மாத்திரைகளைச் சரிசெய்ய வேண்டும்

அதிகம் தவறவிடப்படும் படி இதுதான்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, இன்சுலின்: இவை சாப்பாடு வரும் என்று நம்பிச் சுகரை இறக்குபவை. சாப்பாடு பாதியானால் சுகர் 70-க்குக் கீழே விழும். எனவே முதல் ஊசி போடும் நாளன்றே இவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் வாந்தி எடுத்து ஒன்றும் சாப்பிட முடியாமல் கிடந்தால், சுகர் அளவு சாதாரணமாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் சேரலாம். அப்படிப்பட்ட நாளில் மாத்திரையை விழுங்கும் முன் டாக்டருக்குப் போன் போடுங்கள். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவற்றை இந்த ஊசியோடு தொடர்வதில் பயன் இல்லை என்பதால் பொதுவாக நிறுத்துவார்கள்.

இன்னொரு சிக்கல்: சுகருக்கு ஒருவரிடமும் எடைக்கு மதுரையில் இன்னொருவரிடமும் பார்ப்பவர்களுக்கு, ரைபெல்சஸும் வெகோவியும் ஒரே நேரத்தில் சீட்டில் ஏறிவிடும். இரண்டும் ஒரே மருந்து. மருந்தின் மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள், பிராண்டை அல்ல.

தலை சுற்றல், கை நடுக்கம், குப்பென்று வியர்வை வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சுகர் பாருங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் வாரம் இருமுறை பிரஷர் குறித்து வையுங்கள். எடை இறங்க இறங்கப் பிரஷரும் இறங்கும், பழைய அளவு மாத்திரை அப்போது அதிகமாகிவிடும்.

5. வாங்குவதும் குளிரில் வைப்பதும்

டாக்டர் சீட்டு இல்லாமல் தரும் கடையில் வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண், காலாவதி தேதி இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் இருந்து எடுத்துத் தருகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். மேசை டிராயரில் இருந்து எடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டில் 2 முதல் 8 டிகிரி. ஃபிரீசருக்கு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள், ஒரு முறை உறைந்துவிட்டால் தூக்கிப் போடவேண்டியதுதான். வெளியில் 30 டிகிரி வரை சில வாரம் தாங்கும் என்று தாளில் இருக்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் காரைக்குடி வெயில் அந்தக் கணக்கை ஒரே நாளில் மீறும். முற்றம் குளுகுளுவென்று இருக்கிறதே என்று பத்தாயத்து மேல் வைக்க வேண்டாம். பஸ்ஸில், காரில் கொண்டுபோனால் குளிர்பையில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, மருந்து நேரடியாக ஐஸைத் தொடாமல் வையுங்கள்.

6. ஊசி போடுவது

பேனா ஊசியில் அளவுத் தவறு குறைவு. குப்பியில் இருந்து உறிஞ்சிப் போடுபவர்கள்தான் அடிபடுகிறார்கள். காரணம் நம் வீடுகளில் ஏற்கெனவே கிடக்கும் இன்சுலின் சிரிஞ்ச்.

சிவப்பு மூடி சிரிஞ்ச் யு-40: அதில் 40 கோடு என்றால் 1 மி.லி. ஆரஞ்சு மூடி யு-100: அதில் 100 கோடுதான் 1 மி.லி. 0.5 மி.லி. மருந்து வேண்டுமென்றால் சிவப்பில் 20-ஆவது கோடு, ஆரஞ்சில் 50-ஆவது கோடு. ‘20 யூனிட்’ என்று சொல்லிக் கேட்டு ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் பாதிக்கும் குறைவாகவே போகும். தலைகீழாக மாறினால் இரண்டரை மடங்கு. எனவே சீட்டில் மூன்றையும் எழுதி வாங்குங்கள்: எத்தனை மி.கி., எத்தனை மி.லி., எந்த நிற மூடி சிரிஞ்ச். ‘யூனிட்’ என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள்.

போடும் இடம்: தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிறு, அல்லது தொடை. மேற்கையில் இன்னொருவர் போடலாம். வாராவாரம் இடம் மாற்றுங்கள், ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் கட்டியாகும். அழுத்தியதும் உடனே உருவாமல் மெதுவாக 6 வரை எண்ணுங்கள்.

ஊசிமுனை ஒவ்வொரு முறையும் புதிது. பேனாவை அண்ணன், தம்பி, கணவன், மனைவி என்று யாரோடும் பகிரக் கூடாது, முனையை மாற்றினாலும்கூட. நாலு டோஸ் பேனாவில் நாலு முடிந்த பிறகும் கொஞ்சம் மருந்து தங்கும். அதைச் சிரிஞ்சால் உறிஞ்சி ஐந்தாவது டோஸ் எடுக்கும் வித்தை இப்போது பரவியிருக்கிறது. அளவும் தெரியாது, சுத்தமும் போய்விடும். பயன்படுத்திய முனைகளைத் திருகுமூடி உள்ள தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுங்கள்.

டோஸ் தவறினால்: வெகோவிக்கு அடுத்த டோஸ் 2 நாளுக்கு மேல் தள்ளி இருந்தால் உடனே போடலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மவுன்ஜாரோவுக்குத் தவறிய நாளில் இருந்து 4 நாளுக்குள் போடலாம். இரண்டு டோஸைச் சேர்த்துப் போடுவது எப்போதும் கிடையாது.

7. அளவை ஏற்றுவது

வெகோவி: 0.25 மி.கி. வாரம் ஒன்று, 4 வாரம். பிறகு 0.5, 1, 1.7 ஒவ்வொன்றும் 4 வாரம், கடைசியாக 2.4. மவுன்ஜாரோ: 2.5 மி.கி. 4 வாரம், பிறகு 5. தேவைப்பட்டால் குறைந்தது 4 வார இடைவெளியில் 2.5 கூட்டி, உச்சம் 15. லிராக்ளூடைட் தினம் 0.6-இல் தொடங்கி வாரம் 0.6 கூடி 3 வரை.

முதல் மாத அளவு எடை குறைக்க அல்ல, வயிற்றைப் பழக்கத்தான். ‘ரெண்டு வாரமாச்சு, ஒரு கிலோகூட இறங்கலே’ என்று இரண்டாவது வாரமே இரட்டிப்பாக்குபவர்கள்தான் மூன்றாவது வாரம் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுக்கிறார்கள்.

4 வாரம் என்பது குறைந்தபட்சம், கெடு இல்லை. கடைசி வாரத்திலும் குமட்டல் இருந்தால் அதே அளவில் இன்னொரு மாதம் இருக்கலாமா என்று கேளுங்கள். 5 மி.கி.யில் நன்றாக இறங்குகிறது என்றால் 15-க்கு ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. நாத்தனார் எந்த அளவில் இருக்கிறார் என்பது உங்களுக்குச் சம்பந்தமில்லாத செய்தி.

எதிர்பார்ப்புக்கு ஓர் அளவு: செமாக்ளூடைட் 2.4 மி.கி. ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது. டிர்செபடைட்டில் 72 வாரத்தில் 15 முதல் 21 சதவீதம். தாங்கக்கூடிய முழு அளவில் 3 மாதம் இருந்தும் 5 சதவீதம்கூட இறங்கவில்லை என்றால், தொடர்வதா என்று டாக்டரோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம்.

8. கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள்

பசி வரட்டும் என்று காத்திருந்தால் மாலை நாலு மணி வரை வெறும் காபியிலேயே ஓடிவிடும். இறங்கும் எடையில் ஒரு பங்கு சதையில் இருந்தும் போகும். அதைத் தடுக்க நாளைக்குக் குறைந்தது 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். கிட்னி கோளாறு உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. ஒரு முட்டை 6 கிராம். வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25-க்கு மேல். 200 மி.லி. பாலில் ஆறேழு. 30 கிராம் பருப்பில் ஏழு. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 13 அளவு. இட்லி ஒன்றில் இரண்டுதான். நாலு இட்லி சாப்பிட்ட இடத்தில் இப்போது இரண்டுதான் இறங்குகிறது என்றால், அந்த இரண்டோடு முட்டையோ கெட்டிப் பருப்போ இருக்க வேண்டும். தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், சோறு கடைசியில். வயிறு நிறையும்போது தவறுவது சோறாக இருக்கட்டும்.

வெள்ளைப் பணியாரம், மசாலாச் சீயம், கந்தரப்பம் எல்லாம் எண்ணெயில் பொரிந்தவை. கொழுப்பு தானாகவே வயிற்றில் அதிக நேரம் தங்கும், மருந்து அதை இன்னும் நீட்டும். காலை சாப்பிட்ட பணியாரம் இரவு ஏப்பத்தில் வருவது இதனால்தான். கும்மாயம் உளுந்து என்பதால் புரதம் என்று ஏமாற வேண்டாம், நெய்யும் கருப்பட்டியும் அதைவிட அதிகம். உப்புக்கறி, வறுவல் வேண்டுமென்றால் எண்ணெய் வடித்து இரண்டு மூன்று துண்டு. அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டியை எண்ணெய் குறைத்துச் செய்தால் இந்த நாட்களில் நன்றாகவே இறங்கும்.

தண்ணீர் தினம் 2 லிட்டர், வாய் வறளும் வரை காத்திருக்காமல் மணிக்கு ஒரு டம்ளர். இதய, கிட்னி நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவு மட்டும். மலச்சிக்கலுக்கு இதுவே முதல் மருந்து. வாரம் இரண்டு மூன்று நாள் சுவரில் கைவைத்துத் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற தசைப்பயிற்சி. நடை மட்டும் சதையைக் காப்பாற்றாது.

9. விருந்து, விரதம், பழனி நடை

ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் வயிறு அதிகம் அடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாந்திக் கல்யாண விருந்து என்றால் வெள்ளிக்கிழமை ஊசி சரிப்படாது. நாளை மாற்றலாம்: இரண்டு ஊசிக்கு நடுவே செமாக்ளூடைட்டுக்கு 48 மணி நேரம், டிர்செபடைட்டுக்கு 72 மணி நேரமாவது இருந்தால் போதும். பந்தியில் ‘ஆச்சி, ஒண்ணே ஒண்ணு’ என்று இலையில் போடுபவரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். ஊசி விவரம் பந்தியில் வேண்டாம்.

சஷ்டி விரதம் போன்ற முழுநாள் பட்டினியைக் கிளிமிபிரைடு அல்லது இன்சுலினோடு சேர்க்காதீர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் இருந்து பழனிக்கு நடப்பவர்கள் அந்த வாரங்களில் அளவை ஏற்ற வேண்டாம். வியர்வையில் நீர் போய், தாகமும் தெரியாமல் கிட்னிதான் அடிவாங்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை எடுத்துப்போய், பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள்.

எண்டோஸ்கோபி, மயக்க மருந்து கொடுக்கும் அறுவை சிகிச்சை எதுவானாலும் தேதி குறிக்கும்போதே ஊசி விவரத்தைச் சொல்லுங்கள். பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம்.

10. எப்போது காத்திருக்கக் கூடாது

லேசான குமட்டல், ஏப்பம், மலச்சிக்கல் வரும், போகும். கீழே உள்ளவை அப்படி அல்ல:

மேல்வயிற்றில் விடாத கடும் வலி, முதுகுக்குப் பாய்வது, கூடவே வாந்தி: கணையமாக இருக்கலாம். வலப்பக்க விலாவின் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சள்: பித்தப்பை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் வராதது. திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்குவது. முகம், தொண்டை வீக்கம், மூச்சுத்திணறல். பென்டர்மின் எடுப்பவருக்கு நெஞ்சுவலி. எதுவானாலும் அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நிலைமை மோசமென்றால் 108. ‘வாயு பிடிச்சிருக்கு’ என்று பெருங்காயத்தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கும் வலி இல்லை இது.

கழுத்தில் கட்டி, குரல் கம்மிப்போவது, சாக வேண்டும் என்ற நினைப்பு: இவற்றையும் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை தள்ளாதீர்கள்.

11. நிறுத்துவது

செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்கள் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருடத்தில் திரும்பப் பெற்றார்கள் என்று ஆய்வு சொல்கிறது. எனவே எத்தனை மாதம் வாங்க முடியும் என்ற பணக்கணக்கை முதல் ஊசிக்கு முன்பே போடுங்கள். மூன்று மாதம் வாங்கி, நிறுத்தி, மறுபடி வாங்குவது மோசமான வழி. வருவது கொழுப்பு, போனது சதை.

நிறுத்துவதென்று முடிவானால், குறைத்த சுகர், பிரஷர் மாத்திரைகளை மறுபடி ஏற்ற வேண்டி வரும். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை, ஒரே நாள், காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று வாரம் ஊசி விட்டுப்போய் மறுபடி தொடங்க நினைத்தால், ஃபிரிட்ஜில் இருக்கும் பழைய 1.7 பேனாவை எடுத்து விட்ட இடத்தில் இருந்து போடாதீர்கள். வயிறு பழக்கத்தை மறந்திருக்கும். எந்த அளவில் இருந்து தொடங்குவது என்று டாக்டரைக் கேளுங்கள், பெரும்பாலும் கீழ்ப்படியில் இருந்துதான்.